வைக்கோல் நிற விசை

அத்தியாயம் 7

ஏலத்துக்கு இன்னும் இருபத்தைந்து மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. நாளைக் காலை பத்து மணிக்குச் சித்தப்பா டேரல் மேடையேறி மைக்கைத் தட்டுவார். அதற்குள் கொரின் கிஸ்ட்லர் ஒரு வரி எழுதியாக வேண்டும். நாற்பத்தொன்றாம் எண் பொருளைப் பற்றிப் பட்டியலில் அச்சாகியிருப்பது தவறு என்று ஒரு வரி. வாசலில் இருக்கும் திருத்தப் பலகையில் அதை எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

யார் செய்த தவறு என்று கேட்பார்களே. அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

அம்மா லொரெட்டா இறந்து பதினான்கு மாதம். பிட்ஸ்பர்க்கில் உலோகப் பரிசோதனைக்கூட வேலையை விட்டுவிட்டுக் கொரின் வீடு திரும்பி ஐந்து வாரம். அப்பா மெர்ல் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு விலை சொல்பவர். பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்தில், இரண்டு உலகப் போர்களிலும் சுட்ட எந்தத் துப்பாக்கி கை மாறினாலும், மெர்ல் கிஸ்ட்லரின் கடிதம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். முப்பது வருடமாக அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். அம்மா போன பிறகு சித்தப்பாவின் அலுவலகத்தில் தட்டச்சு செய்து அப்பாவிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

நேற்று மாலை மிசஸ் ஹோக்கின் அக்கா மகன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மிசஸ் ஹோக்கின் கணவர் லெஸ்டர் பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் வைத்திருந்த லூகர் பிஸ்டல் உள்ளே இருந்தது. ஹோக் வீட்டு இரும்புப் பெட்டியின் சாவி கிடைக்கத் தாமதமானதால், துப்பாக்கி வருவதற்கு முன்பே, அப்பாவின் பழைய கடிதத்தை வைத்துப் பட்டியலை அச்சடித்துவிட்டார்கள்.

கொரின் பெட்டியைத் திறந்தாள். பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

விசை கருநீலமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் செய்த லூகரின் உடம்பு கருநீலமாக இருக்கும். விசையையும் சின்னச் சின்ன நெம்புகோல்களையும் மட்டும் சூடேற்றி வைக்கோல் நிறத்தில் விட்டிருப்பார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. இங்கே விசையும் கருநீலம், நெம்புகோலும் கருநீலம். யாரோ மொத்தத் துப்பாக்கியையும் கழற்றிப் புதிதாக மெருகு பூசியிருக்கிறார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எண்களும் பொய் சொல்லின. உதிரி பாகங்களில் 6 என்ற எண்ணின் வால் வேறு மாதிரி வளைந்திருந்தது. வேறு துப்பாக்கியின் பாகங்களைப் போட்டு, பழைய எண்ணை ராவிவிட்டு, பொருந்துகிற எண்ணை அடித்திருக்கிறார்கள்.

எல்லா எண்ணும் பொருந்திய அசல் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு டாலர். இது தொள்ளாயிரம் போனால் அதிகம்.

கடிதத்தில் இப்படி இருந்தது: "விசையும் சிறு நெம்புகோல்களும் அசல் வைக்கோல் நிறத்தில் உள்ளன. எண்கள் அனைத்தும் பொருந்துகின்றன." கீழே அப்பாவின் கையெழுத்து. போன ஆகஸ்ட் தேதி.

பரிசோதனைக்கூடத்தில் ஓர் அளவு பொருந்தாவிட்டால் முதலில் கருவியைச் சந்தேகிப்பார்கள். பிறகு மாதிரியை. ஆளைச் சந்தேகிப்பது கடைசியில். கொரின் விளக்கை மாற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, அம்மா போன பிறகு அப்பா கொடுத்த கடிதங்களின் நகல்களை எடுத்தாள். பதினேழு இருந்தன.

அவற்றில் குறிப்பிட்ட இன்னொரு துப்பாக்கியும் நாளைய ஏலத்தில் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் எம்-ஒன் ரைபிள். மரக்கட்டையில் ஒரு கட்டத்துக்குள் சோதகரின் முதலெழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். கடிதத்தில் சரியான எழுத்துகளைச் சொல்லியிருந்தார். கட்டையில் இருந்தவை வேறு எழுத்துகள்.

அம்மா இருந்தபோது எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஒரு புகார்கூட வந்ததில்லை.

அப்பா யாரிடமோ ஏதோ வாங்கிக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கியைப் பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் அவளால் நம்ப முடியவில்லை. தன் கண்தான் தப்பு என்று யாராவது சொன்னால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பாள்.

இன்று காலை, ஏல ஹாலின் பக்கவாட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சித்தப்பா வந்தார். ஒரு கையில் காபி, இன்னொன்றில் காகிதம் சுற்றிய ஸ்கிராப்பிள் இறைச்சி சாண்ட்விச்.

"சாப்பிட்டியா கொரி?"

"நாற்பத்தொண்ணு தப்பு, சித்தப்பா."

"ஏல ஹால்ல இருக்கிற எல்லாமே ஏதோ ஒரு விதத்துல தப்புதான். கெட்ச்சப் போடவா?"

"விசை மஞ்சளா இருக்கணும். கறுப்பா இருக்கு."

"அழுக்கா இருக்கும். துடை."

"அழுக்கில்லை. புதுசாப் பூசினது. நம்பரையும் அழிச்சுத் திரும்ப அடிச்சிருக்காங்க."

டேரல் மெல்லுவதை நிறுத்தினார். அவர் மாட்டையும் டிராக்டரையும் சாப்பாட்டு மேஜையையும் ஏலம் விடுகிறவர். துப்பாக்கி என்று வந்தால் அண்ணன் சொன்னதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லுவார், அவ்வளவுதான்.

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே."

"ஏன்?"

"நாளைக்கு முடியட்டும். அந்தப் பொருளை எடுத்துட்டோம்னு அறிவிச்சிடறேன்."

"ஏன் எடுத்தீங்கன்னு மிசஸ் ஹோக் கேப்பாங்க. இன்னைக்கு வராங்க."

சித்தப்பா சாண்ட்விச்சை மேஜையில் வைத்தார். காகிதத்தை நாலாக மடித்தார். அவர் இப்படி நிதானமாக எதையும் மடித்து அவள் பார்த்ததில்லை.

"உங்கப்பா கடிதம் எழுதினது நல்ல துப்பாக்கிக்கு. அதுக்கப்புறம் பெட்டிக்குள்ள வேற ஒண்ணு வந்திருக்கு. லெஸ்டர் மாத்தியிருப்பான்."

"கடிதத்துல இருக்கிற நம்பரும் இதே நம்பர்தான்."

"ஒரு நம்பரை அடிக்கத் தெரிஞ்சவனுக்கு இன்னொரு நம்பரை அடிக்கத் தெரியாதா?"

"லெஸ்டரா? அவர் ஸ்கூல் பஸ் ஓட்டினவர்."

"பஸ் ஓட்டறவனுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாதா என்ன? நீ குழப்பிக்காதே. சாப்பிடு, ஆறிடும்."

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் கேட்ட பிறகு அவள் முன்பைவிட அதிகமாகக் குழம்பினாள். சித்தப்பா ஏன் அந்தத் துப்பாக்கியை ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை?

சொல்லாதே என்றதாலேயே அவள் அப்பாவிடம் போனாள்.

அப்பா உள்ளறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். முட்டி வலி என்று வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சித்தப்பாதான் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவார். மற்றபடி எழுபத்திரண்டு வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. நாற்பத்தொண்ணு."

"ஹோக்கோட லூகரா? கொடு."

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிக் கதவு நிலையில் இருந்தது. வந்த நாளிலிருந்து இப்படித்தான். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அம்மா படுத்திருந்தபோது அடிக்கடி வராததற்குக் கோபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். நேற்று மாலையிலிருந்து வேறு மாதிரி நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் பிஸ்டலின் மேலே மடங்கும் இரும்பு முட்டியை இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு கண்ணை மூடினார். அது அவருடைய பழக்கம். மெர்ல் கண்ணை மூடிக்கொண்டே வருடத்தைச் சொல்லுவார் என்று மாவட்டத்தில் பெருமையாகச் சொல்லுவார்கள். கொரின் சின்னப் பெண்ணாக இருந்தபோது கண்காட்சிகளில் இதைப் பார்க்கவே ஆள் கூடும்.

கட்டைவிரல் உலோகத்தின் மேல் நகர்ந்தது.

"ஓரத்தைத் தொட்டுப் பாரு. சீவின மாதிரி நிக்குது. மெருகு போட்டவன் தேய்ச்சுத் தேய்ச்சு ஓரத்தை மழுக்கிடுவான். இது மழுங்கவே இல்லை. நம்பரோட பள்ளமும் ஒரே ஆழம். நல்ல சாமான்."

அவள் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான். ஓரங்கள் கூர்மையாக இருந்தன. இதைச் செய்தவன் தொழில் தெரிந்தவன்.

"விசை?"

"விசைக்கு என்ன?"

"என்ன நிறம், அப்பா?"

அவர் கண்ணைத் திறந்தார். வானொலியில் யாரோ சோளத்தின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன கேள்வி? முப்பத்தாறு. வைக்கோல் நிறம்."

"இதுல. இப்ப."

"அதான் சொன்னேனே."

விளக்கு நேராக மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கையில் கிடந்த பிஸ்டலின் விசை தார் மாதிரி கறுத்திருந்தது. ஒரு துளி தயக்கம் இல்லாமல் அப்பா வைக்கோல் நிறம் என்று சொல்லிவிட்டார்.

பொய் சொல்லுகிறவர்களைக் கொரின் பார்த்திருக்கிறாள். பரிசோதனை முடிவை மாற்றி எழுதியவர்கள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். குரல் ஒரு படி ஏறும். அப்பாவின் குரல் ஏறவில்லை. மழை வரும் என்று சொல்லுகிற குரலில் சொன்னார்.



"யாராவது உங்ககிட்ட வந்து கேட்டாங்களா, அப்பா? இப்படி எழுதிக் கொடுங்கன்னு?"

"என்ன கேட்டே?"

"இல்லை... யாராவது..."

"கேட்டது காதுல விழுந்தது." பிஸ்டலை மேஜையில் மெதுவாக வைத்தார். "நீ கேட்டதுதானான்னு பார்த்தேன்."

அவள் பிஸ்டலை எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்தாள்.

"வாசல்ல ஆள் வந்திருப்பாங்க," என்றார் அவர், கதவு நிலையிடம். "போய்க் கதவைத் திற."

கதவுக்கு வெளியே ஏற்கெனவே பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைநாள். வாங்க நினைக்கிறவர்கள் வந்து எடுத்துப் பார்த்து, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். பிடித்துப்போனதை எவ்வளவு அலட்சியமாக வைக்கிறார்களோ அவ்வளவு வேண்டும் என்று அர்த்தம். ஒரு காலத்தில் சறுக்குச் சக்கர அரங்கமாக இருந்த ஹால் அது. நாலு நீள மேஜைகளில் பிஸ்டல்கள், சுவரோரம் ரைபிள்கள்.

அப்பா வெளியே வந்து தன் வழக்கமான இடத்தில், நடு மேஜையின் தலைமாட்டில் நின்றார். மேஜைகளுக்கு நடுவே தடுமாறாமல்தான் வந்தார். அவரைச் சுற்றி உடனே கூட்டம் சேர்ந்தது.

முதலில் வந்தவன் குழாய் வேலை செய்யும் எல்வின் ஃப்ரை. போர்வையில் சுற்றி ஒரு ஜெர்மன் ரைபிளைக் கொண்டுவந்திருந்தான். தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது. விற்பதற்காக இல்லை, விலை தெரிந்துகொள்ள.

"ஒரு மாசம், மெர்ல். தினம் சாயங்காலம் உட்கார்ந்து இரும்பு நார் வச்சுத் தேய்ச்சேன். இப்ப முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம்."

அப்பாவின் விரல் குழலில் பட்டதும் நின்றுவிட்டது.

"குளிப்பாட்டிட்டியா எல்வின்?"

"ஆமா. கட்டைக்கு மூணு கை வார்னிஷ்."

"எண்பது வருஷமா இது ஒரு சட்டை போட்டிருந்தது. அதை உருவிட்டியே."

"சட்டை முழுக்க ஒரே கறை, மெர்ல்."

"அந்தக் கறைக்குத்தான்யா காசு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, "எல்வின் வீட்டு நாய் பாவம், அடுத்தது அதுதான்," என்றார். எல்வின் காது சிவந்து நின்றான். அப்பா சிரிக்கவில்லை. கட்டையின் முன்பகுதியில் இருந்த இரும்பு வளையத்தைத் தளர்த்தச் சொன்னார். அதன் அடியில் விரலை நுழைத்தார்.

"இங்க வா, கொரின். இங்க தொடு."

வார்னிஷுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அறுத்து ஒட்டியது. கண்ணாடியோடு பக்கத்தில் நின்ற அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"உங்க தாத்தா ரம்பத்தால அறுத்திருக்கார், எல்வின். முழு நீளம் பைக்குள்ள அடங்காதுன்னு ரெண்டாக்கிக் கொண்டு வந்து, வீட்ல ஒட்டினது. வெட்டினதுக்கு விலை குறையும். ஆனா அவரே கொண்டு வந்தார்ங்கறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கடையில வாங்கினவன் அறுக்க மாட்டான்."

"அப்ப நான் கெடுத்துட்டேனா, இல்லையா?"

"விலையைக் கெடுத்துட்டே. தாத்தாவைக் கெடுக்கலை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. இனிமே தொடாதே."

எல்வின் ரைபிளைப் போர்வைக்குள் குழந்தை மாதிரி சுற்றினான்.

கொரினுக்கு இது புரியவில்லை. வார்னிஷுக்கு அடியில் இருக்கும் மயிரிழையைக் கண்டுபிடிக்கிறவர், மேலே பளிச்சென்று தெரியும் கறுப்பை எப்படித் தவறவிடுவார்? தவறவிடவில்லை என்றால்தான் கணக்கு சரியாக வருகிறது. தெரிந்தே எழுதினார் என்றால் எல்லாம் பொருந்துகிறது. அந்தப் பதில் அவளுக்கு வேண்டாம். வேறு பதிலும் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்கு மிசஸ் பெர்னிஸ் ஹோக் வந்தார். குள்ளமான பெண்மணி, கையில் துணி மூடிய தட்டு, அதில் வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட பலகாரம். லெஸ்டரின் சாமான்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"உங்கப்பாவுக்குப் பிடிக்கும்னு செஞ்சேன், கண்ணு. லெஸ்டரோடது எங்க வச்சிருக்கீங்க?"

கொரின் வாயைத் திறப்பதற்குள் நடு மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதை எழுதினது யாரு?"

வெண்டெல் ஸ்ட்ராஸர். ஆலன்டவுனிலிருந்து வரும் வியாபாரி. நாக்கு நீளம், கண் அதைவிட. நாற்பத்தொன்றைக் கையில் எடுத்திருந்தார். சொந்தப் பூதக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. அதை அவர் தொடக்கூட இல்லை.

"மெர்ல், என்னய்யா விளையாட்டு இது? முப்பத்தாறு லூகர், அசல் வைக்கோல் நிறம்னு போட்டிருக்கே. வைக்கோல் எங்க இருக்கு? தார் டின்னுல முக்கி எடுத்த மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் மேஜைப் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

சித்தப்பா மேஜைகளுக்கு நடுவே வேகமாக வந்தார். "ஒரு சின்னக் குழப்பம், வெண்டெல். கடிதம் எழுதின துப்பாக்கி வேற, இப்ப வந்திருக்கிறது வேற. திருத்தம் போடறோம்."

"வேறன்னா?" என்றார் மிசஸ் ஹோக்.

சித்தப்பா அப்போதுதான் அவரைக் கவனித்தார். ஆனால் தொடங்கிவிட்டார். "அதாவது... மெர்ல் பார்த்ததுக்கு அப்புறம், வீட்ல, எப்பவோ மாறியிருக்கு."

"எங்க வீட்லயா?"

"லெஸ்டர் ஒருவேளை ஏதாவது கொடுத்து வாங்கியிருக்கலாம், பெர்னிஸ். நல்லதை வித்துட்டு..."

"அவரு வித்துட்டு, கள்ளச் சாமானைப் பெட்டியில வச்சுட்டுப் போயிட்டாருங்கறீங்க."

"யாரும் அவர் கெட்டவர்னு சொல்லலை, மேடம்," என்றார் வெண்டெல், தர்மசங்கடமாக.

"சொன்னாங்க. இப்பத்தான் இவரு சொன்னாரு. நான் இங்கதான் நின்னேன்." பலகாரத் தட்டை மேஜையில் வைத்தார். "முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினாரு. ஒரு புள்ளையோட சாப்பாட்டு டப்பா காணாமப் போனா, பஸ்ஸை முழுக்கத் தேடிட்டு, அந்தப் புள்ளை வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வருவாரு. மெர்ல் சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்னு, விக்கறவனை வாசல்ல நிக்க வச்சுட்டு இங்க கொண்டு வந்தாரு. அவரா மாத்துவாரு?"

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் லெஸ்டரின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சித்தப்பா கொரினின் கையில் கறுப்பு மார்க்கரைத் திணித்தார். "எழுதிடு கொரி. நாற்பத்தொண்ணு, கடிதத்தில் குறிப்பிட்ட பொருள் இது அல்ல. அவ்வளவுதான். நாலு வார்த்தை."

பலகை பக்கத்திலேயே இருந்தது. அவள் போய் நின்றாள். 41 என்று எழுதினாள்.

சித்தப்பா சொன்னதை எழுதினால் லெஸ்டர் திருடன். கடிதம் தவறு என்று எழுதினால் அப்பா திருடன். ஒரு ஆள் செத்துவிட்டார், அவருக்கு இனி வலிக்காது. ஆனால் அவர் மனைவி ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மார்க்கர் முனை பலகையைத் தொட்டபடியே நின்றது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்புப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

"அப்பா," என்றாள். இத்தனை பேர் முன்னால் அவள் சத்தமாகப் பேசுவது வழக்கமில்லை. "எதை எழுதட்டும்?"

அப்பா இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி நின்றார்.

மிசஸ் ஹோக் அவர் எதிரே போய் நின்றார். "நீங்களே சொல்லுங்க, மெர்ல். என்னைப் பார்த்துச் சொல்லுங்க. லெஸ்டர் உங்ககிட்ட கொண்டு வந்தது இதுதானா, இல்லையா?"

அப்பாவின் பார்வை அவருடைய காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது.

"பாருங்க. என்னைப் பார்க்கக்கூட முடியலை உங்களால."

"அண்ணா," என்றார் சித்தப்பா. "வேண்டாம்."

கொரின் திரும்பினாள். எது வேண்டாம்? அப்பா இன்னும் வாயையே திறக்கவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்?

அப்பா கையை நீட்டினார். வெண்டெல் பிஸ்டலை அந்தக் கையில் வைத்தார். அப்பா கட்டைவிரலை மேல் ஓரத்தில் ஒரு முறை ஓட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"இதேதான், பெர்னிஸ். லெஸ்டர் கொண்டு வந்தது இதேதான். இந்த ஓரம் எனக்கு ஞாபகம் இருக்கு. அவன் எதையும் மாத்தலை."

மிசஸ் ஹோக் ஒரு பெருமூச்சு விட்டார். அது பாதியிலேயே நின்றது. "அப்படின்னா நீங்க ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

நேற்று மாலையிலிருந்து கொரின் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது. வேறொருவர் கேட்டபோது எவ்வளவு எளிமையாக இருந்தது.

"முப்பத்தாறுல செஞ்சதுன்னா விசை வைக்கோல் நிறமா இருக்கணும். அதனால எழுதினேன்."

"இருக்கணும்கறது புஸ்தகத்துல," என்றார் வெண்டெல். கேலி போய்விட்டிருந்தது. "உங்க கையில இருக்கிறது கறுப்பு, மெர்ல்."

"அப்படியா," என்றார் அப்பா.

உண்மையாகவே கேட்கிற குரல் அது. வெண்டெல் அவரையே பார்த்தார். மிசஸ் ஹோக் ஒரு அடி முன்னால் வந்தார்.

அப்பா பிஸ்டலைக் கீழே வைத்தார். பலகை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கொரின் நின்ற இடத்துக்கு ஒரு கை தள்ளி, வெற்றுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"கடிதம் தப்புன்னு எழுதும்மா. எனக்குக் கண் தெரியலை. நாலு வருஷமாச்சு. உங்கம்மா இருந்தவரைக்கும் நிறத்தை அவதான் பார்த்துச் சொன்னா."